அமத்த முதல் சொல்லு

முதல் மொழி படிக்க வருகிற பிள்ளையைக் கண்டு நான் ஒருநாளும் பயந்ததில்லை. இரண்டாவது மொழி படிக்க வருகிற பிள்ளையைக் கண்டால்தான் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறும். தமிழையும் சிங்களத்தையும் சொல்லவில்லை, கணினிக்கு எழுதுகிற மொழிகளைச் சொல்கிறேன். முதல் மொழிக்கு வருகிறவர்களுக்கு எதுவும் தெரியாது, அதனால் எதைச் சொன்னாலும் கேட்பார்கள். இரண்டாவதற்கு வருகிறவர்கள், கலியாணம் முடிந்த முதல் கிழமை மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிக் கதிரையில் சாய்ந்து இருப்பார்கள். எல்லாம் தெரியும் என்ற முகம். பாதிக்கு மேல் உண்மையாகவே தெரியும், அதுதான் கரைச்சல்.

எனக்குப் பிறகு வகுப்பெடுக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று எங்கள் கொழும்பு வெள்ளவத்தைக் கணினி நிலையத்தில் கேட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பாடத்திட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது, அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள். பாடத்திட்டத்தில் இல்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

பைதன் படித்துவிட்டு ஜாவாவுக்கு வருகிற பிள்ளைகள் முதல் கிழமை முழுக்க அரைப்புள்ளியைப் பற்றிப் புலம்புவார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளி வைக்க வேண்டும், வளைந்த அடைப்புக்குறி போட வேண்டும், திரையில் ஒரு வணக்கம் காட்டவே பெரிய முன்னுரை எழுத வேண்டும். இதைக் கேட்டு நீங்கள் பதறவேண்டாம். அரைப்புள்ளி விட்டுப்போனால் கணினி உடனே கத்தும், எந்த வரி என்றும் காட்டும். சிலமுறை ஏச்சு வாங்கினால் விரல் தானாகப் போய் வைக்கும். பயப்பட வேண்டியது, பழைய மொழியில் இருந்தது போலவே இருந்துகொண்டு வேறு வேலை பார்க்கிற வரிகளுக்குத்தான். அவை கத்துவதில்லை. பிழையான விடையைச் சரியான விடையின் முகத்தோடு தந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மாலை வகுப்புக்கு நுகேகொடையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். வங்கி உத்தியோகத்தர். கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் எங்கள் படியேறுவார். பைதனில் நல்ல கெட்டிக்காரர். ஜாவாவில் அவர் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம், கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்ப்பது. சரியான சொல்லை அடித்தாலும் அது பிழை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் தன் கண்ணைச் சந்தேகித்தார், பிறகு விரலை. அடுத்த வகுப்புக்கு வரும்போது, வீட்டிலிருந்து சொந்த விசைப்பலகையை ஒரு பெரிய ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் விசைப்பலகைகளைக் கடல் உப்புத் தின்றுவிட்டது என்பது அவருடைய கட்சி. வெள்ளவத்தையில், அதுவும் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், அது உண்மையும்தான். ஆனால் இந்தக் குற்றத்தை உப்புச் செய்யவில்லை.

இரண்டு சொற்களும் ஒன்றா என்று பார்க்க அவர் போட்டிருந்தது இரட்டைச் சமன் குறி. பைதனில் அது, இரண்டிலும் ஒரே எழுத்துகளா என்று பார்க்கும். ஜாவாவில் அதே குறி, இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருளா என்று பார்க்கும். ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் கூட்டிவந்து, இவர்கள் ஒரே ஆளா என்று கேட்டால் இல்லை என்றுதானே பதில் வரும். மனிதர் எல்லாவற்றையும் சந்தேகித்தார், தனக்குப் பழக்கமான அந்தக் குறியை மட்டும் சந்தேகிக்கவில்லை. விசைப்பலகையைத் திரும்பக் கொண்டுபோக எடுத்தவர், மிஸ், இது இங்கேயே இருக்கட்டும், உங்களுடையது உண்மையாகவே மோசம் என்று தந்துவிட்டுப் போனார். கனகாலம் நான் அதில்தான் அடித்தேன்.

நான் இந்தத் தொழிலைத் தொடங்கியது கொட்டாஞ்சேனையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் நடந்த சின்ன நிலையத்தில். அங்கே எனக்கு மூத்தவராக ஒரு மிஸ் இருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் போன் எடுத்து ஏசுவார். அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புரோகிராமை ஓடவிடுகிற பொத்தானை எந்தப் பிள்ளையும் நினைத்தவுடன் அழுத்த, எங்கள் பேச்சில் சொன்னால் அமத்த, முடியாது. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டும். திரையில் என்ன வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகுதான் அமத்தலாம். யாராவது அவசரப்பட்டால், வகுப்பின் மற்ற மூலையிலிருந்து, "அமத்த முதல் சொல்லு" என்று ஒரு குரல் வரும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் வரும்.

எனக்கு அது பாலர் வகுப்பு விளையாட்டாகத்தான் பட்டது. பிள்ளையின் மவுஸை வாங்கி நானே திருத்திக் கொடுத்தால் வேலை கெதியாக முடியுமே என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பிள்ளை என்ன நினைச்சுக்கொண்டு எழுதினது எண்டு கொம்பியூட்டருக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது. அதைப் பிள்ளைதான் சொல்லவேணும். நீர் மவுஸைப் பறிச்சா பிள்ளையும் சொல்லாது."

அன்றிலிருந்து பிள்ளைகளின் மவுஸில் கை வைக்கிற ஆசிரியரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உங்களுக்குள் இரண்டு பேர் அப்படி இருக்கிறீர்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டேன்.

இனித் தர்ஷிகாவின் கதை. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தர்ஷிகா வெள்ளவத்தைப் பிள்ளை. உயர்தரப் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் போதாமல் போய்விட்டது. தகப்பனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு எங்களிடம் வந்தாள். டிப்ளோமா முடிகிறபோது ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிலுநராக இடம் கிடைத்தால் அவள் வழி. கிடைக்காவிட்டால், கொட்டாஞ்சேனையில் இருக்கிற மாமாவின் இரும்புக்கடையில் காசாளர் கதிரை. நல்ல கடை, நல்ல மாமா. அவளுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

பைதன் வகுப்பில் அவள் ஒரு ராணி. நான் கேள்வியைப் பலகையில் எழுதி முடிக்கும் முன் அவளுடைய திரையில் விடை இருக்கும். எனக்கு அவளில் தனிப் பிரியம். ஆசிரியர்கள் இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள், ஓய்வு பெற்றவள் சொல்லலாம். ஜாவாவுக்கு வந்ததும் பிள்ளை வாடிப்போனாள். அவள் செய்தது இதுதான்: எதையும் முதலில் பைதனில் எழுதுவாள், பிறகு வரிக்கு வரி ஜாவாவாக மாற்றுவாள். பாதி நேரம் ஓடும், மீதி நேரம் ஏன் ஓடவில்லை என்று தெரியாது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள், முன்பு அவளிடம் கேட்டு எழுதியவர்கள், இப்போது அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"பைதனில நான் யோசிக்க முதல் கை எழுதும், மிஸ். இதில எனக்கு மண்டை வேலை செய்யுதில்லை. திரும்பிப் பைதன் வகுப்புக்கே போறன்."

புது வீட்டுக்குக் குடிபோனவர் கொஞ்ச நாளைக்குப் பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த பக்கத்துச் சுவரைத்தான் தடவுவார், அதற்காக அவருக்குக் கண் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை என்றேன். பிள்ளைகள் தாங்கள் எழுதிய புரோகிராமைக் காட்டுகிற செயற்றிட்ட நாள் வரை இருந்து பார்க்கச் சொன்னேன். அரை மனதோடு தலையாட்டினாள்.

செயற்றிட்டத்துக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிக்கும்போது நான் அவளை இம்ரானோடு போட்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இம்ரான் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. ஜாவாதான் அவனுக்கு முதல் மொழி. ஆமை வேகம். அவனுடைய வாப்பா பம்பலப்பிட்டிப் பாடசாலைகளுக்கு வான் ஓட்டுகிறவர். பிள்ளைகளை வான்களுக்குப் பிரிக்கிற வேலையைக் கணினியில் செய்து கொடுத்தால் வாப்பாவுக்கு உதவும் என்பதற்காகவே படிக்க வந்தவன். அதையே செயற்றிட்டமாக எடுத்தார்கள். எத்தனை பிள்ளைகள், ஒரு வானில் எத்தனை இருக்கை என்று கொடுத்தால், எத்தனை வான் தேவை, எந்தப் பிள்ளை எந்த வானில் என்று புரோகிராம் சொல்ல வேண்டும். தர்ஷிகா வழக்கம்போலப் பைதனில் எழுதி மாற்றினாள். இம்ரான் ஒவ்வொரு வரிக்கும் இது என்ன, அது ஏன் என்று கேட்டு அவளுக்கு எரிச்சல் ஊட்டிக்கொண்டிருந்தான்.

செயற்றிட்ட நாளன்று பம்பலப்பிட்டியில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து பயிலுநர்களை எடுக்க ஒருவர் வருவதாக இருந்தது. அவர் வரச் சற்று முன், நான் மேசைகளைச் சுற்றி வந்தேன். தர்ஷிகாவின் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், வானுக்குப் பன்னிரண்டு இருக்கை, விடை நான்கு வான். முப்பத்தாறு என்றால் மூன்று. அவளுக்குச் சில்லறை இல்லாத எண்கள் பிடிக்கும். அப்போது என் கண் ஒரு வரியில் போய் நின்றது. பிள்ளைகளின் தொகையை இருக்கைகளால் வகுத்து, பின்னம் வந்தால் அதை மேலே தூக்கி அடுத்த முழு எண் ஆக்குகிற வரி.

பைதனில் அந்த வரி சரி. ஐம்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் நாலும் கொஞ்சமும் வரும், தூக்கினால் ஐந்து வான். ஜாவாவில் இரண்டு முழு எண்களை வகுத்தால் அந்தக் கொஞ்சத்தைச் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு நாலைத் தரும். நாலை எவ்வளவு தூக்கினாலும் நாலுதான். தூக்குகிற கட்டளைக்கு இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பெயர், அதனால் அவள் அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதிலும் வேடிக்கை, அந்த வரியில் வேறு ஒரு சின்ன விஷயத்துக்காகக் கணினி முன்பு கத்தியிருக்கிறது. அதைத் திருத்தியதும், சரி, இந்த வரி இனிச் சுத்தம் என்று நினைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாயைத் திறந்து சொன்னால் சில எழுத்துகளில் முடிந்துவிடும் திருத்தம். ஆனால் வருகிறவர் கேள்வி கேட்டால், மிஸ் சொன்னார், நான் மாற்றினேன் என்பதைத் தவிர அவளிடம் எதுவும் இருக்காது. அவள் ஏற்கெனவே தன் மண்டையை நம்பாமல் போன பிள்ளை. சொல்லாமல் விட்டால், வருகிறவர் ஒரு சில்லறை எண்ணைக் கொடுத்த உடனே அந்நியர் முன் விழுவாள், இரும்புக்கடைக் கதிரை உறுதி. எனக்குப் பயமாக இருந்தது. கொட்டாஞ்சேனை மிஸ்ஸின் வழி மட்டும்தான் ஞாபகம் வந்தது.

ஐம்பது பிள்ளைகள் என்று போடச் சொன்னேன். போட்டாள். விரல் பொத்தானுக்குப் போனது.

"அமத்த முதல் சொல்லு."

கையை மடியில் வைத்தாள். ஐந்து என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற தொனியில். அமத்தினாள். நான்கு என்று வந்தது. பெயர்ப்பட்டியலில் கடைசி இரண்டு பெயர்கள் எந்த வானிலும் இல்லை.

இம்ரான் திரையைக் குனிந்து பார்த்தான். "அந்த ரெண்டு புள்ளைகளும் ஸ்கூல் கேட்டடியில நிக்குமே. உம்மாமார் வாப்பாவ உசிரோட விடமாட்டாங்க" என்றான்.

தர்ஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய விரல்கள் விசைப்பலகையில் பாய்ந்தன. பட்டியலை அச்சிடுகிற பகுதியைக் கிளறினாள், அது சரியாக இருந்தது. அரைப்புள்ளிகளைத் தேடினாள். இருக்கைகளை ஒன்று கூட்டினாள், குறைத்தாள். ஜாவாவில் தனக்குப் பிடிக்காதவை எல்லாவற்றையும் சந்தேகித்தாள். கடைசியில், பைதனில் எழுதினது சரியாக ஓடுது மிஸ், அதையே காட்டுறன் என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கை பரபரத்தது. மவுஸ் என் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

வாய் திறந்தவன் இம்ரான்தான். அவன் வழக்கமாகக் கேட்கிற எரிச்சல் கேள்விகளில் ஒன்றைத்தான் அப்போதும் கேட்டான். "தூக்கி விட முந்தி என்ன இருந்திச்சி எண்டு எனக்கு வெளங்கல்ல. அத மட்டும் தனியாக் காட்டுவமா?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வகுத்தலை மட்டும் தனியாக அச்சிட ஒரு வரி சேர்த்தாள். பொத்தானுக்குப் போன விரலைத் தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை. நாலும் கொஞ்சமும் என்றாள். அமத்தினாள். வெறும் நாலு. கீழே கடலோரமாக ஒரு ரெயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து முடியும் வரை அவள் அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வகுக்கேக்கையே வெட்டிப்போடுது" என்றாள் மெதுவாக. "நான் நினைச்ச வகுத்தல் இல்லை இது."

மீதியை அவளே செய்தாள். இரண்டு எண்களில் ஒன்றைத் தசம எண்ணாக மாற்றினால் போதும். கேட்டடியில் நின்ற இரண்டு பிள்ளைகளும் ஐந்தாவது வானில் ஏறினார்கள்.

வந்தவர் ஒரு சிங்களவர், முதுகில் பையும் காலில் சப்பாத்துமாக இளம் வயதுக்காரர். சில்லறை எண்கள் கொடுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாக வந்தது. பிறகு, இதில் எது கஷ்டமாக இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தர்ஷிகா இம்ரானைப் பார்த்தாள். ஓடுகிற புரோகிராமுக்குள் பழைய வரியைத் திரும்பப் போட்டாள். ஐம்பது என்று அடித்தாள். பொத்தானை அமத்தாமல் அவர் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள், என்ன வரும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதிச் சிங்களத்திலும் கேட்டாள்.

அவர் ஐந்து என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு நின்றார். கிட்டப் போய் அந்த வரியைப் பார்த்தார். நான்கு என்றார். அவருடைய தொழிலே அது, ஆனாலும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அவர் கேட்டதுதான் உண்மையான கேள்வி: உன்னுடைய புரோகிராமில் இதே மாதிரி வேறு எங்கே ஒளிந்திருக்கிறது?

தனக்குத் தெரியாது என்றாள் தர்ஷிகா. பைதன் போலவே தெரிகிற வரிகளைத்தான் தான் இதுவரை பார்க்காமல் விட்டிருப்பதாகவும், இனி அவற்றிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் "ஹரி, நங்கி" என்றுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சரி, தங்கச்சி. கொழும்பில் அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் இருக்கலாம், ஒரு அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம்.

"தெரியாது எண்டு என்ர வாயாலேயே சொல்லிப்போட்டன், மிஸ்" என்றாள் அவர் போனபின். நான் தேற்றவில்லை. எனக்கும் அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது.

சில நாள் கழித்துச் சான்றிதழ் வாங்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வாப்பா இப்போது வான்களைப் புரோகிராம் சொல்கிறபடிதான் பிரிக்கிறார் என்று இம்ரான் பெருமையடித்துக்கொண்டிருந்தான். தர்ஷிகா, திங்கட்கிழமை கடைக்கு வரச் சொல்லி மாமா தகவல் அனுப்பிவிட்டார் என்றாள், கதிரைக்குப் புது மெத்தை போட்டிருக்கிறாராம். நான் ரோல்ஸ் வாங்குவித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளுடைய போனில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் தெரிந்தது, உள்ளே இருப்பது தெரியவில்லை. விரலைத் திரைக்கு மேலே பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"அமத்த முதல் சொல்லு" என்றான் இம்ரான்.

அவள் போனை மேசையில் வைத்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கிடைக்கேல்ல" என்றாள்.

பிறகு அமத்தினாள். ஒருதரம் வாசித்தாள், இன்னொருதரம் வாசித்தாள், போனை எங்கள் பக்கம் தள்ளினாள். அடுத்த மாதம் முதலாம் திகதி பயிலுநராக வந்து சேரும்படி எழுதியிருந்தது.

"பிழையாச் சொல்லிப்போட்டன், மிஸ்" என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ பிழையான விடைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.